ஆளை மாற்றலாம் என்றார்கள், அக்கா

என் சாந்தி அக்காவுக்கு,

கால் இரண்டையும் ஒரு வாளி சுடுதண்ணீருக்குள் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இன்றைக்கும் இரட்டை வேலை. விட்பி முதியோர் இல்லத்தில் ஒரு பிள்ளை வேலைக்கு வரவில்லை, அவள் பார்க்கிற கிழவர்களையும் நான்தான் பார்த்தேன். தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி, உடுப்பு மாற்றி, அஜக்ஸில் என் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது என்னையே தூக்கிக் கட்டிலில் போட ஒரு ஆள் தேவைப்பட்டது. நீ இருந்தால் "உன்னை ஆர் ஓம் எண்டு சொல்லச் சொன்னது?" என்று ஏசியிருப்பாய். ஏசுவதற்கும் இப்போது ஆள் இல்லை.

அடுத்த மாதம் நீ போய் ஒரு வருடம், உன் ஆட்டைத் திவசம். துஷி நினைவு மலர் அடிக்கிறாள். உன் மகள் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள், உனக்குத் தெரியும்தானே. அட்டையில் உன் படம், உள்ளே தேவாரம், பிறகு ஆளுக்கொரு பக்கம். "சித்தி, நைசா ஏதாவது எழுதுங்கோ" என்று எனக்கும் ஒரு பக்கம் தந்தாள். நானும் இருந்து பார்த்தேன். "பாசத்தின் இருப்பிடமே" என்று தொடங்கினேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது காதில் விழுந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காது, துஷி பொறுக்கட்டும். மல்வேர்னில் ஒருவர் தும்மினால் விட்பியில் நூறு சொல்லும் சனம் நாங்கள். என்னையும் அத்தானையும் பற்றி ஊர் ஏற்கெனவே பேசுகிறது. என் வாயாலும் ஒருதரம் கேட்கட்டும்.

எல்லாம் அந்தக் கப்பல் பயணத்தால் வந்தது. நீயும் அத்தானும் கலியாணம் கட்டி முப்பத்தைந்து வருடம் நிறைகிறது என்று துஷி பதிந்து வைத்த பயணம். கரீபியன் தீவுகள், ஏழு நாள். அதற்கென்று நீ ஒரு வைக்கோல் தொப்பிகூட வாங்கினாய். பிறகு உனக்கு வருத்தம் என்றார்கள், மூன்றே மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு துஷி பயண முகவருக்குப் போன் எடுத்தாள். பயணத்தை இனி நிற்பாட்ட முடியாது, வேண்டுமென்றால் ஆளை மாற்றலாம் என்றார்களாம். ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரைப் போட்டால் போதுமாம். ஆளை மாற்றுவது அவ்வளவு சுகம், அக்கா.

"சித்தி, அம்மான்ர இடத்தில நீங்க வாங்கோ" என்றாள். கப்பலில் உன் இடத்தைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

உன் இடத்தில் நிற்பது எனக்குப் புதிதில்லை. உனக்கு இரண்டு வயது இளையவள் நான். உன் சட்டை, உன் செருப்பு, உன் பெயரைக் கீறிவிட்டு என் பெயரை எழுதிய கொப்பிகள். கனடாவுக்கு நான் வந்து இறங்கியபோது துஷிக்கு மூன்று வயது. நீ பின்னேர வேலை, அத்தான் இரண்டு வேலை. உங்கள் மல்வேர்ன் வீட்டின் பேஸ்மென்ற் எனக்கு, மேலே உன் பிள்ளையும் எனக்கு. பதினொரு வருடம். மொன்றியாலில் இருந்து ஒரு மாப்பிள்ளை பேசி வந்தது நினைவிருக்கிறதா? "துஷி முழுநாள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கட்டும், அடுத்த வருசம் பாப்பம்" என்றாய். அடுத்த வருடம் அவர் வேறு ஒருத்தியைக் கட்டியிருந்தார். நான் இதை உன்னிடம் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. இப்போதும் குறையாகச் சொல்லவில்லை, களைப்பில் வருகிறது.

நீ கண்மூடுவதற்கு முதல்நாள் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து "அத்தானைப் பாத்துக்கொள்" என்றாய். துஷி பக்கத்தில் நின்றாள். அந்தச் சொல்லுக்காக எட்டு மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும், பனியோ மழையோ, 401 நெடுஞ்சாலையில் ஓடினேன். வேலை நாளில் ஆரையோ பெற்ற கிழவர்களைப் பார்த்துவிட்டு, லீவு நாளில் உன் புருஷனைப் பார்க்கப் போனேன். சமைத்து, உடுப்புத் தோய்த்து, மருந்துக் குளிசைகளை நாள்வாரியாகப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டு வருவேன். அடுத்த சனி போய்ப் பார்த்தால் கறியெல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். எடுத்துக் கொட்டிவிட்டுத் திரும்பச் சமைப்பேன். அத்தானுக்குச் சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை. தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மார்கழி மாதம் துஷி விஷயத்துக்கு வந்தாள்.

"சித்தி, அப்பாவும் தனிய, நீங்களும் தனிய. ஏன் ரெண்டு வீடு? சும்மா ரெஜிஸ்ற்றர் பண்ணினாக் காணும். அம்மாவே உங்களிட்டத்தானே சொன்னவா, பாத்துக்கொள்ளச் சொல்லி."

எங்கள் ஆட்களில் இது இல்லாத வழக்கமில்லை. அக்கா போனால் தங்கச்சி. கோயிலில் இரண்டு அன்ரிமார் அதற்குள் என்னைப் புதுக் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் எனக்குப் பொம்பிளை பார்க்கும் பார்வை! துஷிக்கு ஓம் என்றால் இருக்கிற கொஞ்ச உயிரும் போய்விடும். இல்லை என்றால் உன் கடைசிச் சொல்லைத் தட்டியவள் ஆவேன். நீ என்னத்தை நினைத்துச் சொன்னாய், அக்கா? சோறு கறியையா, கழுத்தை நீட்டச் சொல்லியா? இந்தக் கேள்வியைப் பெட்டியில் வைத்து அடைத்துக்கொண்டுதான் பெப்ரவரியில் கப்பல் ஏறினேன்.

ஏறின இடத்திலேயே நான் கறாராகச் சொல்லிவிட்டேன். நானும் துஷியும் அவளுடைய சின்ன மகளும் ஒரு அறை, அத்தானும் துஷியின் மனிசன் நிமலும் மற்ற அறை. ஆனால் அத்தானின் அறை வாசலில் "திரு, திருமதி" என்று ஒரு வரவேற்பு அட்டை தொங்கியது. கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டேன். அதோடு போச்சு என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டில், அக்கா, கப்பல் பணியாட்கள் ஆறேழு பேர் கைதட்டிப் பாடிக்கொண்டு எங்கள் மேசைக்கு ஒரு கேக் கொண்டுவந்தார்கள். அதில் 35 என்று எழுதியிருந்தது. ஆளை மாற்றியவர்கள் கேக்கை மாற்ற மறந்துவிட்டார்கள். ஆட்டைத் திவசம் முடியாத வீடு நாங்கள். பொங்கலுக்குக்கூட அடுப்பில் பால் வைக்கவில்லை. அத்தானின் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டார்கள், அவர் வெட்டாமல் பிடித்தபடி இருக்கிறார். சாப்பாட்டு மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. நான் குனிந்து மெதுவாக, "அத்தான், சும்மா வெட்டி விடுங்கோ, சனம் பாக்குது" என்றேன்.

அடுத்த மேசையில் ஒரு தமிழ்ச் சோடி இருந்திருக்கிறது. எங்களுக்குக் கிட்ட, மார்க்கம் நகரத்தில் இருப்பவர்கள். அந்த மனுசி எழும்பி ஓடி வந்து என் தோளைப் பிடித்தாள்.

"அட, எங்கட ஆக்கள்! இந்தக் காலத்தில ஆர், அக்கா, கட்டின புருசனை அத்தான் எண்டு கூப்பிடுகினம்? கேக்கவே எவ்வளவு வடிவாக் கிடக்கு! இவருக்கு நான் 'இஞ்ச பாருங்கோ'தான்."

அக்காவின் புருஷனும் அத்தான், கட்டிய புருஷனும் அத்தான். எத்தனையோ உறவுக்கு எத்தனையோ சொல் வைத்திருக்கிற தமிழுக்கு இந்த இடத்தில் மட்டும் பஞ்சம் வந்துவிட்டது. நான் துஷியைப் பார்த்தேன். "இல்லை அன்ரி, இவ என்ர சித்தி" என்று அவள் ஒரு வசனம் சொன்னால் போதும். அவள் போனைத் தூக்கிப் பிடித்து, "சித்தி, கொஞ்சம் கிட்டப் போங்கோ, சிரியுங்கோ" என்றாள்.

அப்போதுதான் விளங்கியது, கப்பலில் எனக்குத் தந்தது எந்த இடம் என்று.

அடுத்த நாள் காலை கப்பல் மார்ட்டினிக் தீவில் நின்றது. பிரெஞ்சுக்காரரின் தீவு. துஷி நிமலையும் மகளையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறாளாம். "நீங்க ரெண்டு பேரும் ஆறுதலா ரவுணைப் பாத்திட்டு வாங்கோ" என்றாள். மறுத்துப் பேச எனக்குச் சக்தி இல்லை. அத்தான் முழுக்கைச் சட்டையும் பெல்ற்றும் பனிக்காலச் சப்பாத்துமாக இறங்கினார். வெயில் நெருப்பாய்க் கொட்டியது. கடல் என்ன நிறம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, நான் அதைப் பார்க்கவே இல்லை. அவருடைய சப்பாத்து நாடாவைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். தடக்கி விழுந்தால் தூக்குவதும் நான்தானே.

துறைமுகத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சந்தை. இரும்புக் கூரை, கறுவாப்பட்டை, சாதிக்காய், வாசனைச் சரக்கு, குட்டிக் குட்டிப் போத்தல்களில் றம். நான் நிழலைப் பார்த்து ஒதுங்கினேன். திடீரென்று அத்தான் சத்தம் போட்டார்.

"பிள்ளை! இஞ்ச வா, இஞ்ச வந்து பார், கொழும்பு!"

எட்டு மாதத்தில் அந்தக் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். மஞ்சள் தூள் அடைத்த பைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் இங்கிலீசு எழுத்தில் பெரிதாக "கொலம்போ" என்று எழுதியிருந்தது. அத்தான் கடைக்காரியிடம், "யூ கொழும்பு? வெள்ளவத்தை? பம்பலப்பிட்டி?" என்று பஸ் கொண்டக்டர் மாதிரி ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். தலையில் கட்டம் போட்ட துணி கட்டிய அந்தக் கறுத்த மனுசி வயிறு குலுங்கச் சிரிக்கிறாள். பக்கத்துக் கடைக்காரர் கொஞ்சம் இங்கிலீசு தெரிந்தவர். கொலம்போ ஊரில்லை, கறி என்றார். அந்தக் காலத்தில் கரும்பு வெட்ட இந்தியாவில் இருந்து கூட்டிவந்த ஆட்கள் கொண்டுவந்த கறியாம்.

"குழம்பு அத்தான்! எங்கட குழம்புதான் இவையின்ர வாயில கொலம்போ ஆயிட்டுது."

"உது பிழை. ஆரோ கொழும்பில இருந்து வந்தவன்தான் பேர் வைச்சிருப்பான்."

எது சரியோ எனக்குத் தெரியாது. அந்தச் சந்தைக்குள் நின்று நாங்கள் இருவரும் பத்து நிமிடம் சண்டை பிடித்தோம். அவர் பையைப் பிரித்து மணந்து, "மல்லி, நற்சீரகம், கடுகு, வெந்தயம். மிளகாய் காணாது" என்று தீர்ப்பும் சொன்னார். உன்னுடைய தூளுக்குச் சொல்கிற அதே தீர்ப்பு.

சந்தை மாடியில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஆட்டிறைச்சிக் கொலம்போவும் சோறும். அத்தான் முள்ளுக்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் குழைத்துச் சாப்பிட்டார். பீங்கான் வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சமையலைக் கொட்டவைத்த மனிசன் முன்பின் தெரியாதவளின் குழம்பை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறார். சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

கை கழுவிவிட்டு வந்து இருந்தார். மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

"துஷி ஒரு கதை கதைக்கிறாள். உனக்கும் சொல்லியிருப்பாள்."

"ஓம் அத்தான்."

"எனக்கு அதில ஒரு ஆசையுமில்லைப் பிள்ளை. ஆனாத் தனிய இருக்கப் பயமாக் கிடக்கு. காலமை எழும்பித் தேத்தண்ணி குடிக்கேக்கை எதிரில ஒரு ஆள் இருந்தாக் காணும். நீ என்ன சொல்லுறாய்?"

உண்மையான பேச்சு, அக்கா. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்கு மறுக்கச் சுகமாக இருந்திருக்கும்.

"அத்தான், அக்கா உங்களை ஒருநாளும் அத்தான் எண்டு கூப்பிட்டதில்லை. 'துஷியப்பா' எண்டுதான் கூப்பிட்டவள். அத்தான் எண்டது என்ர சொல். அக்கான்ர புருசன் எண்டு நினைச்சு முப்பத்தைஞ்சு வருசமாச் சொன்ன சொல். அதை இனி வேற மாதிரிச் சொல்ல எனக்கு ஏலாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மற்றதும் வந்துவிட்டது. "எனக்குக் களைச்சுப் போச்சுது, அத்தான். நித்திரை கொண்டாத் தீருற களை இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவளும் உதைத்தான் சொன்னவள்."

"ஆர்?"

"உன்ர கொக்கா, சாந்திதான். கடைசிக் கிழமை. 'தங்கச்சி களைச்சுப் போனாள். அவளின்ர காலமெல்லாம் நான் எடுத்திட்டன். இனி அவளை ஒண்டுக்கும் கூப்பிடாதேங்கோ' எண்டு. நான்தான் உனக்குச் சொல்லேல்லை."

"எட்டு மாசம், அத்தான்!"

"பயம் பிள்ளை. சொன்னா நீ வராமல் விட்டிடுவாய் எண்டு பயம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முப்பத்துச் சொச்சம் சனிக்கிழமை. அந்தப் பீங்கானைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. ஆனால் எழும்பிப் போகவும் இல்லை. சொல்லியிருந்தால் நான் வராமல் விட்டிருப்பேனா? எனக்கே தெரியாது. விட்டிருக்கவும் கூடும். அந்த மனிசன் பயந்தது பிழை என்று எப்படிச் சொல்வது?

என்னிடம் ஒன்று சொன்னாய், அவரிடம் ஒன்று சொன்னாய். முதலில் அவரிடம், பிறகு என்னிடம். இடையில் மனம் மாறினாயா? மருந்து மயக்கமா? அல்லது இரண்டும் உனக்கு உண்மையாகத்தான் இருந்ததா? நான் களைத்துப்போனதை நீ கண்டிருந்தாய் என்பது ஒன்றுதான் எனக்கு உறுதியாகத் தெரிகிறது. கண்டுவிட்டு என்னிடம் ஏன் சொல்லவில்லை, அக்கா? என் காது கேட்க ஒருதரம் சொல்லியிருக்கலாமே.

திரும்பி வரும்போது கப்பலின் ஏணிப் பாலத்தில் அந்த மார்க்கம் மனுசி எதிரே வந்தாள். "என்ன, அண்ணையும் அக்காவும் சோடியா ஷொப்பிங்கோ?" என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தேன். அத்தான் நின்றார்.

"தங்கச்சி, இவ என்ர மனுசின்ர தங்கச்சி. என்ர மனுசி போன ஆனியில தவறிட்டா."

நீ இல்லை என்று அவர் தன் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தரம். செத்தவீட்டில்கூடச் சொல்லவில்லை. அந்த மனுசி "ஐயோ அண்ணை" என்று தலையில் கைவைத்தாள். அத்தான் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் நடந்தேன். அவருடைய சப்பாத்து நாடாவை அன்றைக்கு நான் பிறகு பார்க்கவில்லை.

இந்தக் கலியாணக் கதை சரிவராது என்று துஷிக்கு அன்று பின்னேரமே நானே சொன்னேன். படத்தையும் அழிக்கச் சொன்னேன். அவள் முதலில் கோபித்தாள், பிறகு அழுதாள். "சித்தி, ஐ தோட் யூ வேர் லோன்லி" என்றாள். பாவம், நான் வளர்த்த பிள்ளை. தாயை இழந்துவிட்டு, மிச்சம் இருக்கிற இருவரையும் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் இனி ஒன்றும் தொலையாது என்று நினைத்துவிட்டாள். "தனிய இருக்கிறன்தான், துஷி. எனக்கு அதில இன்னும் கொஞ்சம் இருக்க விருப்பம்" என்றேன். அவளுக்கு விளங்கியதோ தெரியாது.

இப்போது நிலைமை இதுதான். சனிக்கிழமைகளில் நான் போவதில்லை. முதல் இரண்டு சனியும் குற்ற உணர்ச்சியில் விடியவே எழும்பி, கார்த் திறப்பைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். மூன்றாவது சனி மத்தியானம் வரைக்கும் படுத்திருந்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறு போகிறேன், வெறுங்கையோடு. அத்தான் சோறு குழைய விடுகிறார், பருப்பை அடிப்பிடிக்க வைக்கிறார், ஆனால் சாப்பிடுகிறார். மல்வேர்ன் நூலகத்தில் முதியோர் கூடுகிற இடத்துக்கும் போகிறாராம். அங்கே ஒருவரோடு கொழும்பா குழம்பா என்று இன்னும் சண்டை நடக்கிறதாம். கோயில் அன்ரிமார் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதுவும் ஒரு ஓய்வுதான்.

களை தீர்ந்துவிட்டதா என்று கேட்காதே, தீரவில்லை. வாளித் தண்ணீரும் ஆறிவிட்டது.

ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். உன் செத்தவீட்டில் நான் வந்த சனத்துக்குத் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றேன். எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அடுப்படியில் நின்றேன். அந்தியேட்டியன்று இருநூறு பேருக்கு இலை போட்டேன். எல்லோரும் உன்னை நினைத்து அழுதார்கள், நான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த மாதம் உன் திவசத்துக்கு, அக்கா, துஷி கடையில் சாப்பாடு எடுக்கட்டும், ஆர் வேண்டுமென்றாலும் பரிமாறட்டும். நான் அடுப்படிப் பக்கம் போகமாட்டேன். முன்னறையில், உன் படத்துக்கு நேரே, ஒரு பாயைப் போட்டுக்கொண்டு இருந்து அழப்போகிறேன். ஆர் கூப்பிட்டாலும் எழும்பமாட்டேன். இது உனக்கு நான் தருகிற சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
வசந்தி